ரகசியம் காத்த பிள்ளை தூங்கவில்லை

கேள்வி: கிராமப்புற உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் கவுன்சலர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் ஆகிவிடும். போன வருடம் வெளியிலிருந்து ஆட்கள் வந்து, ஒன்பதாம் வகுப்பில் இருபது பேருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். சக மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது, ரத்தசோகை, மாதவிடாய், புகையிலை, மன அழுத்தம் எல்லாம் அதில் இருந்தது. பிள்ளைகள் உற்சாகமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த இருபது பேரில் ஒரு பெண்ணிடம் அவள் வகுப்புத் தோழி, "எனக்கு வாழவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லியிருக்கிறாள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதால் இவள் இரண்டு வாரம் மனதிலேயே வைத்திருந்தாள். தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, கடைசியில் அவள் அம்மா வந்து கேட்டபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அந்தத் தோழி இப்போது நன்றாக இருக்கிறாள். ஆசிரியர்களில் பாதிப் பேர் "பிள்ளைகளை வைத்து விளையாடாதீர்கள், நிறுத்துங்கள்" என்கிறார்கள். தலைமையாசிரியரோ இந்த வருடம் விழா வைத்து, பேட்ஜ் கொடுத்து, இன்னும் பெரிதாக நடத்தலாம் என்கிறார். பொறுப்பு என் தலையில். தொடரலாமா? யாரைத் தேர்ந்தெடுப்பது? ரகசியம் பற்றி என்ன சொல்லிக் கொடுப்பது? சுகாதாரப் பாடங்களை ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறார்களே, அதற்கு என்ன வழி?

பதில்: டீச்சர், திட்டத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த இரண்டு பிள்ளைகள்.

தோழி இப்போது நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் பார்த்துச் சொன்னது? அவளே சொன்னாளா, சிரித்துப் பேசுவதை வைத்து நீங்களாக முடிவு செய்தீர்களா? சாக வேண்டும் என்று ஒரு முறை சொன்ன பிள்ளையை மருத்துவரோ மனநலப் பயிற்சி பெற்ற நர்ஸோ ஒரு முறையாவது உட்காரவைத்துப் பேசிப் பார்த்திருக்க வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை என்றால் இந்த வாரமே நடக்கட்டும். அதற்கு முன் நீங்களே அவளைத் தனியாகக் கூப்பிட்டு நேரடியாகக் கேட்கலாம்: "சாகணும்னு தோணுச்சுன்னு சொன்னியாமே, இப்பவும் தோணுதா?" கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லா ஆசிரியர்களுக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் மன உளைச்சலிலோ அந்த எண்ணத்திலோ வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டதே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "ஆமாம், இப்பவும்" என்று அவள் சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து அவளைத் தனியாக விடாதீர்கள். பெற்றோரை வரவழையுங்கள், அன்றே மருத்துவரிடம் போகட்டும்.

வீட்டாரிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விவசாய வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். அதையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வைக்கவோ அப்புறப்படுத்தவோ சொல்லுங்கள். இந்த எண்ணம் பெரும்பாலும் அலையாக வந்து போவது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கையில் எதுவும் கிடைக்காமல் இருப்பதே ஒரு உயிரைக் காப்பாற்றிவிடும். இலங்கையில் அதிக நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1990-களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் 70 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பெற்றோரிடம் பேசத் தயங்கினால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி ஆரம்பியுங்கள். புத்திமதி மாதிரி இருக்காது. அவர்கள் உடனே செய்யக்கூடிய வேலையாக இருக்கும்.

அப்புறம், ரகசியத்தைச் சுமந்த பிள்ளை. அவள் தப்பு எதுவும் செய்யவில்லை. சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்தாள். இதை நீங்களும் தலைமையாசிரியரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவள் அம்மாவுக்கு முன்னால் சொன்னால் இன்னும் நல்லது. அந்த இரண்டு வாரமும் காலையில் வகுப்புக்கு வந்ததும் தோழி வந்திருக்கிறாளா என்று முதலில் அவள் இருக்கையைத்தான் பார்த்திருப்பாள். அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க ஒரு பெரியவர் வேண்டும். பொறுப்பில் தொடர விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

இனி திட்டத்துக்கு வருவோம். தொடரலாம். ஆனால் போன வருடம் நடந்ததைப் பெரிதாக்குவது அல்ல நான் சொல்வது. பள்ளிகளுக்கு இப்படிப்பட்ட பயிற்சி கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. எல்லா இடத்திலும் பார்க்கிற ஒரு குறை உங்கள் கடிதத்திலும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் போய் நிற்க வேண்டிய பெரியவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. சொல்லப்போனால் அப்படி ஒருவரை அடையாளம் காட்டவே இல்லை. இருபது பேருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, கேட்டதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று சொல்லாமல் விட்டால், நல்ல மனசுள்ள பிள்ளை அதைத் தானே சுமக்கும். உங்கள் மாணவி செய்தது அதுதான்.

பதினான்கு வயதுப் பிள்ளையால் ஆலோசனை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவளால் முடிந்த வேலைகள் மூன்று. கூட இருப்பவர்கள் வழக்கம் போல இல்லை என்பதை ஆசிரியரைவிட முன்னாலேயே கவனிப்பது ஒன்று. குறுக்கே பேசாமல் கேட்பது இரண்டு. கேட்ட விஷயம் கனமாக இருந்தால் கையைப் பிடித்துப் பெரியவரிடம் கூட்டிப்போவது மூன்று. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பார், கேள், இணைத்துவிடு என்ற இதே மூன்றைத்தான் சொல்கிறது. அது பேரிடர்க் காலத்தில் உதவப் போகிற பெரியவர்களுக்காக எழுதியது. அவர்களுக்கே அவ்வளவுதான் வேலை. காதல் தகராறில் பஞ்சாயத்து செய்வது, குடிக்கிற அப்பாவைத் திருத்த வழி சொல்வது, "உனக்கு டிப்ரஷன்" என்று பெயர் வைப்பது எதுவும் பிள்ளைகளின் வேலை அல்ல. இதைப் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டால் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

இந்த மூன்றாவது வேலையில் பயிற்சி உண்மையிலேயே பலன் தருகிறது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் கிராமப்புறங்களில் 1998-ல் தொடங்கிய 'சோர்சஸ் ஆஃப் ஸ்ட்ரெங்த்' என்ற திட்டத்தைப் 18 உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பள்ளிகளில் பயிற்சி பெற்ற மாணவத் தலைவர்கள், தற்கொலை எண்ணத்தில் இருந்த நண்பரைப் பெரியவரிடம் கொண்டுசேர்த்தது பயிற்சி பெறாதவர்களைவிட நான்கு மடங்கு அதிகம். 'பெரிய பள்ளிகளில்' என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய பள்ளியில் இது தானாக நடந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

அப்படியானால் அந்தப் பெரியவர் யார்? பெயர் சொல்லி இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது பெண். தலைமையாசிரியர் வேண்டாம். பிரம்போடு நடக்கிற ஒழுங்குக் கமிட்டி ஆசிரியர் நிச்சயமாக வேண்டாம். கிராமத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குச் சித்தப்பா முறையாக இருப்பார், அல்லது பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். ஒருவரிடம் சொல்ல முடியாத பிள்ளை மற்றவரிடம் போகலாம் என்பதற்குத்தான் இரண்டு பேர். இருவரும் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் யாருக்குப் போன் செய்வது என்பதும் முக்கியம், மோசமான சம்பவங்கள் நான்கு மணி மணியடித்த பிறகும் நடக்கின்றன. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் யாரைப் பார்ப்பது, பெரிய ஆஸ்பத்திரி என்றால் யார் கூடப் போவது, பஸ்ஸுக்கு யார் பணம் கொடுப்பது, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி முடித்துவிட்டு அப்புறம் மாணவர் தேர்வுக்குப் போங்கள். தாளை நிரப்ப முடியவில்லை என்றால் இந்த வருடம் சுகாதாரப் பகுதியை மட்டும் நடத்துங்கள். மனம்விட்டுப் பேசு என்று பிள்ளைகளிடம் சொல்லும் உரிமை அந்தத் தாள் நிரம்பிய பிறகுதான் நமக்கு வருகிறது.

அந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று தெரிகிறது. அதனால் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 'செஹர்' என்ற பள்ளிச் சுகாதாரத் திட்டத்தைச் சோதித்தார்கள். முடிவு 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் அதற்கென்றே நியமித்த, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நடத்தினார்கள். இன்னொரு பகுதியில் அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மேம்பட்டது; மனச்சோர்வும் ஒருவரையொருவர் சீண்டுவதும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளுக்கும் இந்தத் திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. என் கணிப்பில் காரணம் இரண்டு. பாடம், தேர்வு, பதிவேடு எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில்தான் ஆசிரியர் இதைச் செய்கிறார். இன்னொன்று, மார்க் போடுகிறவரிடம் பிள்ளை மனதைத் திறப்பது கஷ்டம். முதல் காரணத்துக்கு மருந்து உங்கள் தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. விழாவுக்குப் பதிலாக வாரத்தில் நான்கு பீரியட்டை உங்களுக்கு ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். கால அட்டவணையில் எழுத்தில் வர வேண்டும். "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்றால் கிடைக்காது. இரண்டாவதற்கு, பாடம் எடுக்காத ஒருவரை இரண்டாம் நபராக வையுங்கள். நூலகரோ, சுகாதார நிலையத்திலிருந்து வாரம் ஒரு முறை வரும் நர்ஸோ, பள்ளி விசாரித்து நம்பிக்கை வைத்த பழைய மாணவியோ இருக்கலாம்.

ரகசியம் பற்றி என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். வதந்தி பரப்பக் கூடாது என்பதையும் ரகசியம் காக்க வேண்டும் என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது எப்போதும் கட்டாயம். இரண்டாவதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் "இதை டீச்சரிடம் சொல்லப்போகிறேன்" என்றால் அது துரோகமாகத்தான் படும். நான் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைப்பது இதை: "நீ சொல்றதை ஊர்ல பரப்ப மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்னைக் கொடுமை பண்றாங்கன்னா, டீச்சர்கிட்ட சொல்லுவேன். உன்னையும் கூட்டிட்டுத்தான் போவேன்." இதைக் கேட்டதும் பேசாமல் எழுந்து போகிறவர்களும் உண்டு. போகட்டும். யார் எழுந்து போனார் என்பதும் பெரியவருக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

உயிர் ஆபத்து, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, அடி உதை, பாலியல் தொந்தரவு, கட்டாயக் கல்யாணப் பேச்சு, இன்னொருவரைத் தாக்கும் எண்ணம் இவையெல்லாம் அன்றைக்கே பெரியவரிடம் வர வேண்டியவை. வந்த பிறகு பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இந்தியா என்றால், 2012-ன் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸில் தெரிவித்தாக வேண்டும். பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. தெரிவிக்காமல் இருந்தால் 21-வது பிரிவில் தண்டனை உண்டு, ஆனால் அது குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது உங்கள் மாணவி வாய் மூடி இருந்தால் குற்றம் இல்லை. அவள் சொன்ன பிறகு நீங்கள் வாய் மூடி இருந்தால் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416. இலங்கை என்றால் சிறுவர் உதவி எண் 1929, மனநலத்துக்கு 1926. எந்த நாடாக இருந்தாலும் எண்களைக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நின்று படிக்கிற பிள்ளையை நாலு பேர் பார்ப்பார்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்தால் முதல் ராங்க்காரர்கள், லீடர்கள், அழகாகப் பேசுகிறவர்கள் என்று பட்டியல் தானாக வந்துவிடும். அவர்களிடம் போய்ச் சொல்ல மற்ற பிள்ளைகளுக்குத் தோன்றுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் புகைப் பழக்கத்தைத் தடுக்க 'அசிஸ்ட்' என்ற சோதனை நடந்தது. அதில் ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. யாரை மதிக்கிறீர்கள், யார் பேச்சைக் கேட்பீர்கள் என்ற மாதிரி கேள்விகளைச் சீட்டில் கொடுத்து, அதிகம் பேர் எழுதிய பெயர்களை எடுத்தார்கள். சேட்டை செய்கிறவர்கள் பெயரும் வந்தது, அவர்களையும் எடுத்தார்கள். இரண்டு நாள் பயிற்சி. மேடையேறிப் பேசச் சொல்லவில்லை, விளையாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் சும்மா பேசும்போது விஷயத்தைப் போட்டுவைக்கச் சொன்னார்கள். அந்தப் பள்ளிகளில் புகைக்க ஆரம்பித்தவர்கள் குறைவு, இரண்டு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் ஓரளவு நின்றது. 2008-ல் லான்செட்டில் வந்த முடிவு இது.

நீங்களும் சீட்டு கொடுங்கள். "மனசு சரியில்லை என்றால் நம் வகுப்பில் யாரிடம் பேசுவாய்? மூன்று பெயர் எழுது." கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பெயர் திரும்பத் திரும்ப வந்து ஆசிரியர்களை ஆச்சரியப்படுத்தும். பெயர் வந்தவர்களில் தூரத்துக் குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவர்கள், விடுதியில் தங்குகிறவர்கள், ஆண்கள், பெண்கள் என்று எல்லாத் தரப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட தரப்புப் பிள்ளைகள் யாருமே இல்லை என்றால் அந்தப் பிள்ளைகள் உதவிக்கு வரப்போவதில்லை. தேர்வானவரின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அப்போதே பிள்ளை தாங்க முடியாத கஷ்டத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் இந்த வருடம் அவளுக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம், கவனிப்பு வேண்டும். ஆசிரியர்களில் யாராவது "பிரச்சினைப் பையன்களையெல்லாம் ஒன்றாக உட்காரவைத்துத் தனிப் பயிற்சி கொடுக்கலாமே" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிக் குழுவாக்கினால் ஒருவர் சேட்டையை மற்றவர் கைதட்டி வளர்ப்பது 1999-லேயே ஆய்வில் தெரிய வந்த விஷயம்.

இன்னொரு விதி: யாரும் தனியாக இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு இரண்டு பேராகப் போடுங்கள். ஒருத்தி கேட்டதை அவள் ஜோடியிடம்கூடச் சொல்லத் தேவையில்லை, "இன்னிக்கு ஒரு கனமான விஷயம் கேட்டேன், டீச்சர்கிட்ட போகணும், கூட வா" என்று சொன்னால் போதும். போன வருடம் அப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு வாரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும்.

பயிற்சியை மூன்று நாளில் கொட்டித் தீர்க்க வேண்டாம். தொடக்கத்தில் இரண்டு நாள், அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம், வருடம் முழுக்க. உண்மையான பயிற்சி அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கும். பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொல்லி, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று நடித்துப் பார்ப்பார்கள். நடிக்கும்போது பையன்கள் முதலில் சிரித்துக் கெடுப்பார்கள். சிரிக்கட்டும், வெட்கம் போக அது ஒரு வழி.

நடிப்பில் முக்கியமாகத் திருத்த வேண்டியவை மூன்று பதில்கள். ஒருத்தி அழுதுகொண்டு வந்து "அப்பா நேத்து ராத்திரி அம்மாவை அடிச்சாரு" என்றால், நம் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்பது. ஆறுதலாகத்தான் சொல்கிறாள், ஆனால் பேச்சு இவள் வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்தது "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்". எப்படித் தெரியும்? மூன்றாவது, "நீ அவர்கிட்ட தைரியமா எதிர்த்துப் பேசு". இது ஆபத்தில் கொண்டுபோய்விடும். இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் என்ன ஆச்சு?", "இப்ப வீட்டுக்குப் போக பயமா இருக்கா?" என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கே இது லேசில் வராது. இரண்டு நாளில் வரவே வராது.

கேட்பதற்கும் ஒரு முடிவு வேண்டும். இரண்டு தோழிகள் ஒரே துயரத்தைத் தினமும் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருப்பதை ஆராய்ந்த உளவியலாளர் அமாண்டா ரோஸ், 2002-ல் ஒரு வினோதமான முடிவைச் சொன்னார்: நட்பு இறுகுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடுகின்றன. பெண் பிள்ளைகளிடம் இது அதிகம். அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரே விஷயத்தை மூன்றாவது முறை பேச வேண்டி வந்தால் அது இனிப் பெரியவரின் விஷயம். நள்ளிரவில் போனில் மெசேஜ் பார்ப்பது உதவியில் சேராது என்றும் சொல்லிவிடுங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், உதவுகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

சரி, சுகாதாரப் பாடம். மறந்துவிடுகிறார்கள் என்றால், சொன்னதில் அவர்கள் கையில் எடுத்துப் பயன்படுத்தும்படி எதுவும் இல்லை என்று அர்த்தம். அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' போதை எதிர்ப்புத் திட்டத்தில் போலீஸ் அதிகாரிகள் வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கும் பிடித்தது. பழைய பாடத்திட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்ததில் நிலைத்த பலன் எதுவும் தென்படவில்லை. கறுத்த நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்தினால் பையன்கள் அன்று சாயங்காலம் வரை பயப்படுவார்கள், அவ்வளவுதான்.

மாதம் ஒரு விஷயம் போதும். ரத்தசோகையை எடுத்துக்கொண்டால், வரையறையைச் சொல்லித் தராதீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, வகுப்பில் காரணமில்லாமல் தூக்கம் வருகிறதா, கண் இமையின் உட்பக்கம் வெளுத்திருக்கிறதா என்பதில் தொடங்குங்கள். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை, 15 வயது தாண்டிய பையன்களுக்கு 13. இந்த எண்களை அவர்களே சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் இடங்களில், நிறையப் பேர் அதை வாங்கி ஜன்னல் வழியாக வீசிவிடுவார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்பதுதான் காரணம். கறுப்பாகப் போவதால் கெடுதல் இல்லை, வெறும் வயிற்றில் போட வேண்டாம், மாத்திரையோடு டீ குடிக்க வேண்டாம் என்று மாத்திரை போடுகிற ஒரு தோழி சொன்னால் எடுபடும். நாம் சொன்னால் எடுபடாது.

மாதவிடாயும் அப்படித்தான். முதல் சில வருடங்களில் 21 முதல் 45 நாள் இடைவெளி சாதாரணம். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, வலியால் மாதாமாதம் பள்ளிக்கு வர முடியவில்லை என்றாலோ, 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். பையன்களையும் உட்காரவையுங்கள். கேலி பாதியாகக் குறையும். அவர்களுக்கென்றும் ஒரு பீரியட் வேண்டும், இதைத்தான் எல்லாப் பள்ளிகளும் விட்டுவிடுகின்றன. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் நோய் அல்ல, அதனால் பலம் போகாது, நரம்பு தளராது என்று ஒரு ஆண் ஆசிரியரோ சுகாதார ஊழியரோ முகம் சுளிக்காமல் சொன்னால் போதும். சுவரொட்டி வைத்தியர்களிடமிருந்து எத்தனையோ பையன்கள் தப்பிப்பார்கள்.

ஒன்று மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றிச் சொற்பொழிவு நடத்தாதீர்கள். உங்கள் மாணவர்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது, எத்தனை கதவு பூட்டுகிறது, சோப்பு எங்கே இருக்கிறது, நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை எண்ணி எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மேஜையில் அந்த நோட்டு போகட்டும். பிள்ளைகள் சுகாதாரத்தை மறக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். தாழ்ப்பாள் வந்த அன்று அவர்களுக்கு வரும் பெருமையும் நிஜமானது.

வருடக் கடைசியில் கணக்குக் கேட்பார்கள். எத்தனை பேருக்கு ஆலோசனை கொடுத்தோம் என்று எண்ணாதீர்கள். எண்ணிக்கையைக் காட்டப் பிள்ளைகள் ஆளைத் தேடிப் போவார்கள். எத்தனை பேர் பெரியவரிடம் வந்து சேர்ந்தார்கள், கனமான விஷயம் ஒன்று பிள்ளை காதுக்கு வந்ததிலிருந்து உங்கள் காதுக்கு வர எத்தனை மணி நேரம் ஆனது, இந்த இரண்டையும் பெயரில்லாமல் குறித்து வையுங்கள்.

பேட்ஜ் விஷயம். வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பேட்ஜ் குத்தியவளோடு மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை என்று பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும், அடுத்த நாள் யாரும் பேச வரமாட்டார்கள். யார் யார் என்பதை அந்தந்த வகுப்பில் வாயால் சொன்னால் போதும். விழா நடத்தியே ஆக வேண்டும் என்றால் வருடக் கடைசியில் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, பெற்றோரையும் கூப்பிட்டு மேடையேற்றட்டும். விழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் இப்போதைக்கு ஒரு போனும் சிம் கார்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் கூப்பிடுகிற எண் உங்கள் சொந்த எண்ணாக இருக்க வேண்டாம். நீங்களும் உங்கள் சகாவும் வாரம் மாற்றி வாரம் அந்தப் போனை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.